'அதோ அப்பா வருகிறார்': இரவிவர்மாவின் ஓவியமொன்றில் சுட்டும் உறவும்

இரவிவர்மா (1848–1906) 1893ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியங்களுள் ஒன்று, ஆங்கிலத்தில் 'தேர் கம்ஸ் பப்பா' என்னும் பெயரால் அறியப்படுகிறது. 'ஹியர் கம்ஸ் பப்பா' என்ற வடிவமும் வழக்கில் உண்டு. மலையாளத்தார் இதனை 'அதா அச்சன் வருன்னு' என்பர். வெள்ளாடை உடுத்த இளம்பெண் ஒருத்தி குழந்தையை ஏந்தி நிற்கிறாள். அவள் காலடியில் ஒரு நாய். தாயின் பார்வையும் சேயின் பார்வையும் சட்டத்தின் இடப்புறத்துக்கு அப்பால் செல்கின்றன. அங்கு யாரோ வருகிறார். வருபவரை ஓவியர் காட்டவில்லை.

படத்தில் நிற்பவள் ஓவியரின் மூத்த மகள் மகாபிரபா தம்புராட்டி. ஏந்தியிருப்பது ஓவியரின் பேரனை. எனவே இது பாட்டனார் ஒருவர் தம் மகள் வாழும் இல்லத்தைக் கண்டு தீட்டிய குடும்பப் படம். கலை வரலாற்றாசிரியர்கள் இதனைத் தாய்வழிக் குடும்ப முறையின் தளர்ச்சிக்கும் தந்தைவழிச் சிறுகுடும்பத்தின் வரவுக்கும் சான்றாகக் காட்டியுள்ளனர். அவ்விளக்கம் பெரிதும் ஓவியத்தின் பெயரையே சார்ந்து நிற்கிறது. படத்தில் இல்லாத தந்தையைப் படத்துக்குள் கொண்டுவருவது அப்பெயர்தான். அவ்வாறாயின் அப்பெயரை மொழிநிலையில் ஆராயாமல் ஓவியத்தின் சமூகப் பொருளை முடிவு செய்தல் பொருந்துமா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

சுட்டும் வரவும்

அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டு எனத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே வகுத்துவிடுகிறது. சேய்மை, அண்மை ஆகிய வேறுபாடு பேசுவோன் நிற்கும் இடத்தைக் கொண்டே அமைகிறது. தமிழின் 'அதோ', மலையாளத்தின் 'அதா' ஆகிய இரண்டும் அகரச் சுட்டின் வழிவந்தவை. ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பதினும் சுட்டிக் குறிப்பது பழமையானது என்று மொழிநூலார் பலர் கருதுவர்; குழந்தை மொழியில் அது வெளிப்படை. சுட்டுச்சொல் என்பது வாயால் நீட்டப்பட்ட விரல். படத்தில் பார்வை செய்யும் வேலையைப் பெயரில் 'அதா' செய்கிறது.

ஆங்கிலப் பெயரின் இரு வடிவங்களும் இவ்விடத்தில் பிரிகின்றன. 'ஹியர்' என்றால் வருபவர் வாசலை அடைந்துவிட்டார்; 'தேர்' என்றால் இன்னும் தொலைவில் இருக்கிறார். இரண்டாவதே படத்துக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. வந்துவிட்டவரைக் காட்டாமல் விடுவது ஓவியனின் குறையாகத் தோன்றும். வந்துகொண்டிருப்பவரைக் காட்டாமல் விடுவதோ காத்திருத்தலைக் காட்டுவதற்கான வழியாகும்.

வினைச்சொல்லும் கருதத்தக்கது. செல், வா, தா, கொடு என்னும் நான்கு வினைகளைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தனியே எடுத்துப் பேசுகிறது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அங்குக் கூறப்படும் நெறி. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான் என்று இன்றும் பெரும்பாலும் இந்நெறியிலேயே பேசுகிறோம். ஆகவே 'வருகிறார்' என்னும் சொல் இயக்கத்தை மட்டும் குறிப்பதன்று. அவ்வியக்கம் முடியும் இடம் எது என்பதையும் அது குறிக்கிறது. முடியும் இடம் பேசுகின்ற பெண்ணும் கேட்கின்ற குழந்தையும் நிற்கும் இடம். அதுவே நடு. தந்தை அந்நடுவை நோக்கி வெளியிலிருந்து வருபவர்.

மலையாளத்தில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. 'வருன்னு' என்பது அவன், அவர், அது யாவற்றுக்கும் பொது. தமிழில் பெயர்க்க முற்படுவோர் வருகிறான், வருகிறார் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்த உடனே வீட்டில் அத்தந்தைக்குரிய மதிப்பு சொல்லில் ஏறிவிடுகிறது. இக்கட்டுரையின் தலைப்பில் 'வருகிறார்' என்று எழுதியதும் தமிழ் இல்லத்தின் வழக்கேயன்றி மூலத்தில் உள்ளதன்று. (ஆங்கிலச் சொல்லை 'பாப்பா' என்று நெடிலாக ஒலிபெயர்த்தால் தமிழில் வருபவர் குழந்தையாகிவிடுவார். இதனாலேயே இங்குக் குறிலிட்டு எழுதப்பட்டது.)

யாருடைய தந்தை?

பழந்தமிழில் தந்தையைக் குறிக்கும் சொற்கள் யாருடைய தந்தை என்பதையும் உடன் உணர்த்துவன. எந்தை, நுந்தை, தந்தை என்னும் மூன்றும் முறையே என் தந்தை, உன் தந்தை, அவன் அல்லது அவள் தந்தை எனப் பொருள்படும். இன்று முதலிரண்டும் வழக்கு வீழ்ந்து மூன்றாவது பொதுச்சொல்லாகிவிட்டது. அப்பா, அச்சன், பப்பா என்னும் சொற்களில் இவ்வேறுபாடு இல்லை. படத்தின் தாய் பழைய மொழியில் பேசியிருப்பின் மகனிடம் 'நுந்தை' என்றே சொல்லியிருக்க வேண்டும். 'அச்சன்' என்று சொல்லும்போது அவள் தன் கணவனைக் குழந்தையின் இடத்தில் நின்று குறிக்கிறாள். கணவன் பெயரைக் கூறாமல் குழந்தையின் உறவைக் கொண்டு அவனைக் குறிக்கும் இவ்வழக்கம் தமிழ் இல்லங்களிலும் நன்கு அறியப்பட்டதே.

ஆனால் இப்படத்தைப் பொறுத்தவரை இன்னொரு தந்தையும் உள்ளார். அவர் சட்டத்துக்கு முன்னே தூரிகையுடன் நிற்கிறார். மகாபிரபாவின் அச்சன் அவர். மகளின் கண்களோ தன் அச்சனைப் பார்க்கவில்லை. தன் மகனின் அச்சனைப் பார்க்கின்றன. 'அச்சன்' என்னும் ஒரே சொல் இருவருக்கும் பொருந்தும் நிலையில் பார்வை எத்திசையில் செல்கிறது என்பதே பொருளை வரையறுக்கிறது. ஓவியர் இதனை எண்ணித்தான் அமைத்தார் என்று கூறச் சான்றில்லை. எனினும் தம்மைக் கடந்து செல்லும் மகளின் பார்வையைத் தந்தையொருவர் தாமே தீட்டினார் என்பது மாறாது.

வருபவர் ஓவியருக்கு யார்? மருமகன். இச்சொல் தமிழிலும் மலையாளத்திலும் மகளின் கணவனையும் உடன்பிறந்தாளின் மகனையும் ஒருங்கே குறிக்கும். முறைமணம் வழங்கிய சமூகத்தில் இருவரும் ஒருவராகவே இருக்கக்கூடும் என்பது இதற்கு அடிப்படை. மருமக்கள்தாயம் என்னும் தாய்வழி உரிமை முறை இரண்டாம் பொருளிலிருந்து பெயர் பெற்றது. சொத்தும் குடும்பப் பெயரும் மாமனிடமிருந்து உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும், மகனுக்குச் செல்வதில்லை. மகளின் கணவனாகிய மருமகனுக்கோ அவ்வீட்டில் உரிமையில்லை. ஒரே சொல்லின் ஒரு பொருளுக்கு எல்லா உரிமையும், மறு பொருளுக்கு வருகை மட்டும்.

இரவிவர்மாவின் வாழ்வே இம்முறைக்கு எடுத்துக்காட்டு. அவர் பிறந்து வளர்ந்தது தாயாரின் கிளிமானூர் இல்லத்தில். தந்தை ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழியறிஞர், வேற்றுக் குலத்தவர். ஓவியம் இரவிவர்மாவுக்குத் தந்தையிடமிருந்து வந்ததன்று. மாமன் இராஜராஜவர்மாவே முதல் ஆசிரியர். அவர் பெயரின் முன்னொட்டே பின்னர் மருமகன் பெயருக்கு முன் 'இராஜா' என நிலைத்தது. தம்பி சி. இராஜராஜவர்மா பயணங்களிலும் பணியிலும் உடனிருந்தவர். தங்கை மங்களாபாயும் ஓவியர். ஆக இக்குடும்பத்தில் கலையும் தாய்வழியே இறங்கியது. அதே வேளையில் இரவிவர்மாவின் மகன் இராமவர்மாவும் ஓவியரானார். 1866இல் மணந்த மனைவி மாவேலிக்கரை அரண்மனையைச் சேர்ந்தவர். பிள்ளைகளும் அவ்வில்லத்துக்கு உரியவர்களே. தம் மனைவியின் இல்லத்துக்கு இரவிவர்மாவே வருபவராக இருந்தார். நாடெங்கும் பயணம் செய்து அரசவைகளின் பணிகளை ஏற்ற ஓவியருக்கு அவ்வருகை எளிதாகவோ அடிக்கடியோ நிகழ்ந்திருக்க இயலாது.

தளர்ச்சியா, தொடர்ச்சியா?

1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலையாள நாட்டில் திருமணமும் தந்தைமையும் சூடான வாதப்பொருள்களாக இருந்தன. ஓ. சந்துமேனோனின் 'இந்துலேகா' 1889இல் வெளிவந்தது. மலபார் திருமண ஆணையம் 1891இல் அமைந்தது. அதன் விளைவாக 1896இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டு, சம்பந்தம் என்னும் மண உறவைப் பதிவு செய்துகொள்ள வழி ஏற்பட்டது; பதிவு செய்தோர் மிகச் சிலரே. திருவிதாங்கூர் தனி அரசாயினும் இவ்வாதங்கள் அங்கும் ஒலித்தன. இப்பின்னணியில் 1893இல் 'அச்சன் வருகிறார்' என்னும் படம் எழுந்தது தற்செயலன்று எனும் ஆய்வாளர் கருத்தை மறுப்பதற்கில்லை. தாய், சேய், வரவிருக்கும் தந்தை, வளர்ப்பு நாய் என்னும் அமைப்பில் மேலைநாட்டு நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறைச் சாயல் உள்ளது. காரணவரோ, தமக்கை தங்கையரோ, பெருங்குடும்பத்தின் ஏனையோரோ இதில் இல்லை.

எனினும் இவ்விளக்கத்தில் ஒரு தடை உண்டு. தந்தை வெளியிலிருந்து வருபவராக இருத்தலே பழைய முறையின் அடையாளம். மருமக்கள்தாய இல்லத்தில் கணவன் மாலையில் வந்து காலையில் செல்பவன். அல்லது சில நாள் தங்கிச் செல்பவன். அவ்வில்லத்துக் குழந்தைக்கு 'அச்சன் வருகிறார்' என்பது அன்றாட வாசகம். புதிய தந்தைவழிக் குடும்பத்தைக் காட்டுவதே நோக்கமாயின், தந்தையை நாற்காலியில் அமர்த்தி மனைவி மக்களை அவரைச் சுற்றி நிறுத்தியிருக்கலாம். அக்காலத்து நிழற்படக் கூடங்கள் அதைத்தான் செய்தன. இரவிவர்மா அவ்வாறு செய்யவில்லை. மனையின் நடுவில் பெண் நிற்கிறாள், இடம் அவளுடையது, ஆண் வரவேண்டியவன். திருமண ஆணையத்தின் உறுப்பினராயிருந்த சந்துமேனோன், சம்பந்தமும் முறையான மணமே என்று வாதிட்டு ஆணையத்தின் பெரும்பான்மைக் கருத்திலிருந்து மாறுபட்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. வந்து செல்லும் தந்தை தந்தையல்லன் என்பது அம்முறைக்கு வெளியே நின்றோர் கூற்று. இப்படத்தில் வருகைக்காக மலரும் இரு முகங்களும் அக்கூற்றை ஏற்கவில்லை.

தமிழ் வாசகர் மருமக்கள்தாயத்தைப் பெரிதும் அறிந்திருப்பது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' வாயிலாக. தென் திருவிதாங்கூரின் தமிழ் வேளாளரிடையே நிலவிய அம்முறையின் கொடுமையை மனைவி ஒருத்தியின் கூற்றாக அந்நூல் எள்ளலோடு சொல்கிறது. அதைப் படித்த கண்ணோடு இரவிவர்மாவின் படத்தைக் கண்டால் இப்பெண்ணும் நாளை வீதியில் நிற்பாளோ என்ற அச்சம் எழும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே உரிமை மருமக்கள் வழியே சென்றபோதிலும் மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்தாள். கணவன் இறந்தால் மருமகன் உரிமை கொண்டாட, அவளும் மக்களும் வெளியேற நேர்ந்தது. மாவேலிக்கரையிலோ பெண் தன் தாய்வீட்டில் இருக்கிறாள். அவளை வெளியேற்றுவார் இல்லை. அங்கு இழப்பவர் யாரேனும் உண்டெனில் அவர் தந்தையே. மகனைக் காண அவர் வரவேண்டும். சட்டம் ஒன்றாக இருப்பினும் உறைவிடம் மாறினால் 'வருகிறார்' என்னும் சொல்லின் சுமையும் மாறுகிறது.

பார்ப்பவர் இடம்

காத்திருக்கும் பெண் இரவிவர்மாவின் விருப்பப் பொருள். துஷ்யந்தன் சென்ற திசையை முள்ளெடுக்கும் பாவனையில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, அன்னத்தின் வாயிலாக நளனைப் பற்றிக் கேட்கும் தமயந்தி ஆகியோர் யாவரும் அறிந்தவர். அப்படங்களிலும் ஆண் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறான். அங்கெல்லாம் காண்போன் அக்காதலனின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ள இடமுண்டு. அப்படங்களின் கவர்ச்சியும் ஓரளவு அதனால்தான். இங்கோ அது இயலாது. குழந்தை கையில் இருக்கிறது. சொல் 'அச்சன்' என்கிறது. பார்ப்பவர் அவ்வீட்டின் உறவினராகவோ அயலாராகவோதான் நிற்க முடியும். சகுந்தலையின் நாடகப் பாங்கு இதில் அடங்கியிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம். அவருடைய புராணப் படங்களில் நம்மைச் சலிக்கச் செய்யும் மேடைத்தன்மை இதில் குறைவு.

இவ்வாறு உள்ளிருந்தும் உள்ளில்லாமலும் பார்க்கும் மூத்தோர் ஒருவர் சங்க இலக்கியத்தில் உண்டு. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்த ஐங்குறுநூற்றில், பேயனார் பாடிய முல்லைப் பகுதி 'செவிலி கூற்றுப் பத்து' என்பதோடு தொடங்குகிறது. தான் வளர்த்த மகள் மணந்து வாழும் மனைக்குச் சென்று, அவளும் கணவனும் புதல்வனும் கூடியிருந்த காட்சியைக் கண்டு மீண்ட செவிலி அதனை நற்றாய்க்கு உரைப்பதாக அப்பாடல்கள் அமைந்தன. பெயரக் குழந்தையைக் காணச் சென்ற பயணத்தின் பயன் அங்குக் கவிதை. செவிலி பாடலுள் பாத்திரமாகத் தோன்றுவதில்லை. அவள் கண்டதே பாடல். இரவிவர்மா அவற்றை அறிந்திருந்தார் என்று கூற வரவில்லை. மகளின் இல்லறத்தை மூத்தோர் காணும் நோக்கு முல்லையில் முன்பே இடம்பெற்றது என்பதே கருத்து. வேறுபாடும் உண்டு. செவிலி கண்டது மூவரும் கூடிய நிலை. ஓவியர் காட்டுவது மூன்றாமவர் வந்து சேருமுன் உள்ள கணம். முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தல், ஓவியத்திலேயே கூடுதலாக நிற்கிறது.

இத்தாலிய ஓவியர் கிர்லாந்தையோ 1490ஐ ஒட்டித் தீட்டிய 'முதியவரும் பேரனும்' பாரிசின் லூவர் காட்சியகத்தில் உள்ளது. அங்குப் பாட்டனார் படத்துக்குள்ளேயே இருக்கிறார். மூக்கு நோயால் உருக்குலைந்த அவர் முகத்தைப் பேரன் அண்ணாந்து பார்க்கிறான். அவர்களிடையே மூன்றாமவர் இல்லை. இரவிவர்மாவின் படத்தில் பேரன் பாட்டனாரைப் பார்க்கவில்லை. பாட்டனார் இருப்பது வண்ணத்தில், வெள்ளாடையின் மடிப்புகளைத் தீர்த்த கைத்திறத்தில். அன்பு எவ்விடத்தில் கூடுதல் என்று அளப்பது வீண்.

சிகாகோவுக்குச் சென்றபின்

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு இரவிவர்மா அனுப்பிய 10 ஓவியங்களுள் இதுவும் ஒன்று. அவை பரிசு பெற்றன. ஓவியத்திறத்துக்காக மட்டுமன்றி இந்நாட்டு மக்களின் உடையையும் வழக்கத்தையும் பதிவு செய்தமைக்காகவும் அவை பாராட்டப்பட்டன. அப்பாராட்டில் ஓர் இழப்பும் உண்டு. மகாபிரபா அங்கு மகாபிரபா அல்லள், மலையாளப் பெண், சில எழுத்துகளில் நாயர் பெண். அவர் பிறந்த குடி நாயர் குடியன்று, அரச குடி. பெயரில்லாத தாய், பெயரில்லாத குழந்தை, முகமில்லாத தந்தை என ஒரு குடும்பப் படம் வகைமாதிரிப் படமாயிற்று. 'அச்சன்' என்பது 'பப்பா' ஆனதும் அதே போக்கில்தான். அச்சொல்லால் அயல்நாட்டுக் காண்போர் தம் வீட்டு வாசலையே படத்தில் கண்டிருப்பர். படத்தை எளிதில் புரியவைத்த சொல்லே படத்தின் வீட்டை மறைத்தது. இப்பெண் நிற்கும் வீடு அவளுடையது, வருபவருடையதன்று என்னும் செய்தி மொழிபெயர்ப்பில் விடுபட்டது. பிற்காலத்து ஆய்வுகள் சிலவும் அவ்விடுபட்ட நிலையிலிருந்தே தொடங்குகின்றன.

படத்தில் உள்ள குழந்தை ஆண். தாய்வழிக் குடும்பத்தில் கால்வழியை நீட்டுவது பெண்மகவு. 1895இல் மகாபிரபாவுக்குப் பிறந்த சேது லட்சுமி பாயும், அடுத்த ஆண்டு அவர் தங்கை உமாவுக்குப் பிறந்த சேது பார்வதி பாயும், பெண்வாரிசு இல்லாதிருந்த திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு 1900இல் சுவீகாரம் செய்யப்பட்டனர். ஓவியரின் பேத்திகள் அரசிகளாயினர், பேரனுக்கு அவ்வாய்ப்பில்லை. சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆட்சிப் பொறுப்பேற்று நடத்தினார். நாயர் குடும்பங்களில் மனைவி மக்களுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை வழங்கி, கூட்டுச்சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிசெய்த சட்டம் 1925இல் அவர் ஆட்சியிலேயே நிறைவேறியது. நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டமும் கொல்லம் ஆண்டு 1101இல் அவர் காலத்திலேயே வந்தது. அரச குடும்பத்தின் வாரிசுமுறை மட்டும் மாறவில்லை. 1931இல் அவர் ஆட்சியை ஒப்படைத்தது சுவீகாரத்தால் தங்கையான சேது பார்வதி பாயின் மகன் சித்திரைத் திருநாளிடம், மருமக்கள்தாயப்படி.